வல்லூறை அடித்துவிடு

பாளையங்கோட்டை,
ஏப்ரல் 20

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுதாததற்கு முழங்கால் வலி, பேத்தியின் பரீட்சை, மின்வெட்டு என்று ஏதாவது சொல்லித் தப்பித்துவிடலாம். உண்மை அதுவல்ல. எழுத உட்கார்ந்தால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அதை உன்னிடம் ஒப்புக்கொள்வதற்குத்தான் இத்தனை நாள் ஆயிற்று.

கார்த்திகையில் எழுதிய கடிதத்தில், என் புறவாசல் வேப்பமரத்துக்கு ஒரு வல்லூறு குடிவந்திருக்கிறது என்று இரண்டு பக்கத்துக்கு அளந்தேனே, நினைவிருக்கிறதா? அந்த வல்லூறை உன் நோட்டுப்புத்தகத்தில் எழுதி வைத்திருந்தால் அடித்துவிடு. அது வல்லூறு இல்லை. அக்காக்குயில், அதுதான் பார்வைக்கு வல்லூறு வேஷம் போடுகிற குயில்.

சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

1977இல் விடுதி வேப்பமரத்தில் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியோடு ஒரு பழுப்புப் பறவையைப் பார்த்துவிட்டு, யாரும் காணாத புதுப் பறவையைக் கண்டுபிடித்துவிட்டதாக நீ மாடிப்படி முழுக்க ஓடினாய். அது பெண்குயில் என்று தெரிந்த நாளிலிருந்து உன் மகள் கல்யாணம் வரை அந்தக் கதையை நான் சொல்லாத சபை இல்லை. இப்போது உன் முறை. உன்னை ஏமாற்றியதும் குயில், என்னை ஏமாற்றியதும் குயில். ஒரே குடும்பம். பழைய பாக்கியை வட்டியோடு வசூல் செய்துவிட்டது.

ஆனால் என் தரப்பையும் கேள். அது முதலில் வந்த விதத்தைப் பார்த்திருந்தால் நீயும் வல்லூறு என்றுதான் சத்தியம் செய்திருப்பாய். சுவர் உயரத்துக்குத் தாழப் பறந்து, நாலு தரம் சிறகடித்து ஒரு சறுக்கல், மறுபடி சிறகடிப்பு, கடைசியில் விசுக்கென்று மேலேறிக் கிளையில் உட்கார்ந்தது. உட்கார்ந்ததும் வாலை இப்படியும் அப்படியுமாக ஒரு ஆட்டு. முதுகு சாம்பல், மார்பில் செம்பழுப்பு, வாலில் பட்டை பட்டையாகக் கறுப்பு. அந்த நிமிடமே தவிட்டுக்குருவிக் கூட்டம் முழுக்க அலறிக்கொண்டு செம்பருத்திக்குள் பாய்ந்தது. அணில் தென்னையின் மறுபக்கத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டு கத்தியது. பகலெல்லாம் வல்லூறுக்குப் பயந்தே பிழைக்கிற ஜீவன்கள் அவை. அவையே ஏமாந்த இடத்தில், மூக்குக்கண்ணாடியும் பழைய பைனாகுலருமாக நிற்கிற கிழவன் எம்மாத்திரம்?

சரி, முதல் நாள் ஏமாந்ததை மன்னிக்கலாம். அடுத்து நடந்ததை மன்னிக்க முடியாது.

ஐப்பசி மழைக்குப் பிறகு முருங்கையில் கம்பளிப்பூச்சி இறங்கியது. உனக்குத் தெரியுமே, பகலில் அடிமரத்தில் ஒட்டுமொத்தமாகப் போர்வை போர்த்தியதுபோல் அப்பியிருக்கும். என் வீட்டுக்காரி பந்தம் சுற்றி எண்ணெயில் நனைத்துத் தயாராக வைத்துவிட்டாள். ராத்திரி மின்சாரம் போனதில் அந்த வேலை காலைக்குத் தள்ளிப்போயிற்று. காலை ஏழு மணிக்கு அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், நம் ‘வல்லூறு’ முருங்கையின் தாழ்ந்த கிளையில் இருக்கிறது. பன்னிரண்டு அடி தூரம்கூட இல்லை. மரத்தில் அப்பியிருந்த ஒரு பூச்சியை அலகு நுனியால் பிடுங்கியது. உடனே விழுங்கவில்லை. ஒரு முனையைக் கவ்விக்கொண்டு கிளைமேல் வைத்து அழுத்தித் தேய்த்தது. அலகை நகர்த்தி நகர்த்தி அடுத்த முனைவரை நசுக்கிக்கொண்டே போனது, நாம் பற்பசைக் குழாயைக் கடைசி நாளில் பிதுக்குவதுபோல. பச்சையாக ஏதோ வெளியே வந்து கிளையில் வழிந்தது. அப்புறம்தான் வெறும் தோலை, முடியோடு, ஒரே விழுங்கு. ஏழு பூச்சி தின்றது. நான் எண்ணிக்கொண்டே நின்றதில் காப்பி ஆறிவிட்டது.

பக்கத்தில் வந்து நின்றவள் கேட்டாள்: “பருந்து வகையறா புழுவைத் தின்னுமா?”

நான் அவளுக்கு ஐந்து நிமிடம் பாடம் எடுத்தேன். பசித்தால் எதுவும் எதையும் தின்னும், இயற்கையில் அப்படித்தான், என்று. அன்றைய குறிப்பில் என் கையாலேயே எழுதியும் வைத்தேன்: “வல்லூறு கம்பளிப்பூச்சியும் உண்கிறது. புதிய தகவல்.” அந்த வரியை இப்போது எடுத்துப் பார்த்தால் காது சுடுகிறது. வளைந்த கொக்கி அலகு இருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்திருந்தால் போதும். வல்லூறின் அலகு ஓணானைக் கிழிப்பதற்கென்று வார்த்தது. காலும் பிடித்தால் விடாத நகத்தோடு நீண்டிருக்கும். இதற்கோ மெல்லிய, லேசாக வளைந்த சாது அலகு. குட்டைக் கால். கண்ணைச் சுற்றிப் பளிச்சென்று ஒரு மஞ்சள் வளையம். பன்னிரண்டு அடியில் இதையெல்லாம் பார்த்தேன். பார்த்தும் பார்க்கவில்லை. பெயர் முதலிலேயே வைத்தாகிவிட்டதே.

பங்குனி பிறந்து ஒரு வாரம் இருக்கும். விடியற்காலை நாலரை மணிக்கு வேப்பமரத்திலிருந்து குரல் கிளம்பியது. முதல் கூவல் சாதாரணமாக. அடுத்தது ஒரு படி மேலே. அதற்கடுத்தது இன்னும் ஒரு படி. இப்படி ஏறி ஏறி, இனிமேல் தொண்டை கிழியும் என்கிற உச்சியில் சட்டென்று அறுந்துவிட்டது. ஒரு நிமிட இடைவெளி. மறுபடி முதல் படியிலிருந்து. குற்றாலத்தில் நாம் தூங்காமல் கிடந்த அந்த இரவு உனக்கு மறந்திருக்காது. அந்த அக்காக்குயில் குரலேதான். விடிந்ததும் பைனாகுலரை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினேன். அதே கிளை, அதே பறவை. கத்தும்போது தொண்டை புடைப்பது நன்றாகத் தெரிந்தது. படியிறங்கி வந்தபோது அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஏழு பூச்சி தின்ற கிளையை மட்டும் ஒரு பார்வை பார்த்தாள்.

பார்த்த பறவைகளைப் பதிவு செய்கிற இபேர்ட் இணையதளத்தில் நவம்பரிலிருந்து போட்ட 23 பட்டியல்களைத் திறந்து ஒவ்வொன்றாக வல்லூறை எடுத்துவிட்டு அக்காக்குயிலைச் சேர்த்தேன். பொங்கல் பறவைக் கணக்கெடுப்பின் நாலு நாளும் அதில் அடக்கம். ஒரு சாயங்காலம் முழுக்கப் போயிற்று. அப்போது ஒன்று உறைத்தது. நான் ஏதாவது அபூர்வப் பறவையைப் பதிவு செய்திருந்தால் அன்றைக்கே யாராவது ‘படம் இருக்கிறதா, குரல் கேட்டீர்களா’ என்று மரியாதையாகக் குடைந்திருப்பார்கள். வல்லூறு ஊருக்கு ஊர் இருக்கிற பறவை, ஆகவே ஒருவரும் வாய் திறக்கவில்லை. நம் பழைய நோட்டுகளில் இப்படி எத்தனை வல்லூறு உட்கார்ந்திருக்கிறதோ! அபூர்வப் பறவை என்றால் நாமே பத்துத் தரம் சரிபார்ப்போம். காகத்தையும் மைனாவையும் யார் சரிபார்த்தோம்?

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன்.

மடிப்பாக்கத்து மூன்றாம் மாடியில் மாடப்புறாவைத் தவிர ஒன்றும் இல்லை என்று புலம்பியிருக்கிறாய். அதே கடிதத்தின் பின்பக்கத்தில், பள்ளிக்கரணையில் பூநாரைகளை ஒரு மணி நேரம் பார்த்ததாகவும் எழுதியிருக்கிறாய். எனக்குப் பூநாரை பார்க்க வேண்டுமென்றால் தூத்துக்குடி உப்பளம்வரை பஸ் ஏற வேண்டும். நீ ஆட்டோவில் போய் வருகிறாய். உன் புலம்பலை நான் ஏற்கவில்லை.

சிட்டுக்குருவி விஷயத்திலும் உன்னோடு சண்டை இருக்கிறது. செல்போன் கோபுரம் வந்து இனமே அழிந்துவிட்டது என்கிறாய். எங்கள் தெருமுனை அரிசிக்கடையில் இன்று காலை பத்தொன்பது எண்ணினேன். எதிர்வீட்டு மாடியிலேயே கோபுரம் நிற்கிறது. இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2020இல் வந்த அறிக்கையைப் புரட்டிப் பார். நாடு முழுக்க எடுத்துக்கொண்டால் சிட்டுக்குருவி ஏறக்குறைய நிலையாகத்தான் இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்கிறது. கோபுரத்தின்மேல் பழி போட வலுவான சான்று கிடையாது. ஓட்டுவீட்டு இடுக்கும் இல்லை, குஞ்சுக்கு ஊட்டப் புழுபூச்சியும் இல்லை என்றால் அது உன் அடுக்குமாடியில் எங்கே குடித்தனம் நடத்தும்? குருவி பாவம் என்று அட்டைப்பெட்டிக்கூடு வாங்கி மாட்டுகிறவர்கள், கூடவே மருந்தடிக்காத நாலு செடியும் வைத்தால் தேவலை.

ஆறுமணிக்குருவி வந்ததா என்று கேட்டிருந்தாய். வந்தது. அக்டோபர் மாத நடுவில், பக்கத்து வீட்டுக் குளியலறைக்குள். வடக்கே இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு இவ்வளவு தூரம் இரவெல்லாம் பறந்து வருகிற களைப்பில் இப்படி வீட்டுக்குள் விழுவது வருடா வருடம் நடக்கிறதுதான். கிளி என்று நினைத்துக் கூண்டு வாங்கக் கிளம்பிவிட்டார்கள். நான் போய் ஒரு காலணிப் பெட்டியில் ஓட்டை போட்டு, துண்டு விரித்து, இருட்டில் வைத்தேன். தண்ணீர் புகட்டவில்லை, தடவிக் கொடுக்கவில்லை. சாயங்காலம் திறந்ததும், அந்தப் பச்சையும் நீலமும் அடிவயிற்றுச் சிவப்பும் ஒரு கணம் புல்லில் நின்றன. அப்புறம் தத்தித் தத்தி வாழைக்குள் போய்விட்டது. மார்கழி முழுக்க மாலை ஆறு மணிக்கு அந்தத் தோட்டத்திலிருந்து இரட்டை விசில் கேட்டது. அதே பறவைதானா என்று கேட்காதே. வல்லூறுக்குப் பிறகு நான் எதற்கும் சத்தியம் செய்வதில்லை.

தை மாதம் கூந்தன்குளம் போனேன், மூலைக்கரைப்பட்டி பஸ் பிடித்து. வரித்தலை வாத்துகள் வந்திருந்தன. இமயத்தைத் தாண்டி வருகிற பறவை, வயலோரம் நம் வீட்டு வாத்துபோலப் புல் மேய்ந்துகொண்டிருந்தது. ஊருக்குள் கூழைக்கடாக்கள் வீட்டு மரங்களில் கூடு கட்டியிருந்தன. கீழே தெருவில் மீன்கவிச்சியும் எச்சமும். திண்ணையில் இருந்த ஆச்சி, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு முறம் புடைத்துக்கொண்டிருந்தாள். நாற்றமாக இல்லையா ஆச்சி என்றேன். “பிள்ளைத்தாச்சிக வந்திருக்கிற வீடு அப்படித்தானய்யா இருக்கும்” என்றாள். அங்கே 1994இல் சரணாலயம் அறிவித்தார்கள். ஆச்சி அதற்கு முன்பிருந்தே அந்தத் துண்டைப் போட்டுக்கொண்டிருப்பாள் என்று நினைக்கிறேன்.

முக்கியமானதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன்.

போன வாரம் ஊறுகாய்க்கு இலை பறிக்க நாரத்தை மரத்தை விலக்கினேன். நெஞ்சு உயரத்தில் ஒரு கூடு. தவிட்டுக்குருவியுடையது, கோப்பை வடிவில், வேரும் புல்லும் வைத்துப் பின்னியது. உள்ளே நாலு முட்டை. என்ன நீலம் தெரியுமா, கோவில் தேரடியில் விற்கிற கண்ணாடி வளையல் நீலம். அக்காக்குயிலும் தவிட்டுக்குருவிக் கூட்டில்தான் முட்டையிடும், அதன் முட்டையும் நீலம்தான் என்பது உனக்குத் தெரியும். வேப்பமரத்துக்காரன் விடியற்காலையில் யாருக்காகக் கூவினான் என்றும், அவன் வரும்போதெல்லாம் குருவிகள் ஏன் கூட்டைவிட்டு அலறி ஓடின என்றும் யோசித்துப் பார்.

நாலில் ஒன்று கொஞ்சம் பெரியதாக எனக்குப் பட்டது. அதை வீட்டில் சொன்னேன். “உங்களுக்குப் படும்” என்றாள்.

அன்றோடு அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறேன். இலைகூடக் கடையில்தான் வாங்கினோம். தார்சாவில் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு தூரத்திலிருந்து பார்க்கிறேன். இன்று காலை மூன்று குருவிகள் மாறி மாறி அலகில் எதையோ கொண்டு போயின, ஆக ஏதோ பொரிந்திருக்கிறது. மே முதல் வாரம் உன்னால் வர முடியுமா? கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் டிக்கெட் கிடைக்காவிட்டால் பஸ்ஸிலாவது வா. வரும்போது உன் பைனாகுலரை எடுத்துக்கொண்டு வா. என்னுடையதில் இடது கண்ணில் பூஞ்சை பிடித்துவிட்டது. இதை முன்பே சொல்லியிருந்தால் வல்லூறுக்கு ஒரு சாக்கு கிடைத்திருக்கும்.

உன்,
சங்கரன்