பழைய ஸ்பின்னிங் ஷெட்: திருப்பணி நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் நீங்கள் ஒப்புதல் கொடுத்த பழைய ஸ்பின்னிங் ஷெட் மராமத்து வேலை முடிந்துவிட்டது. தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கு சங்க ஆபீஸ் பலகையில் ஒட்டியிருக்கிறது. ரசீதுகளையும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். ஆனால் செலவு மதிப்பீட்டைத் தாண்டியது ஏன், வேலை இத்தனை இழுத்தது ஏன் என்பதற்குக் கணக்குத் தாளில் பதில் இருக்காது. அதைக் கட்டிடத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

1888-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் கோவையில் ஸ்பின்னிங் மில் தொடங்கினார். 1932-ல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்த பிறகு பீளமேடு, சிங்காநல்லூர் பக்கமெல்லாம் மில் சங்குகள் பெருகின. நம் ஷெட் இந்த இரண்டுக்கும் நடுவே, நீராவிக் காலத்தில் எழும்பியது. ஒரே இன்ஜின், கூரையடியில் நீளமாகச் சுழலும் ஷாஃப்ட், அதிலிருந்து ஒவ்வொரு மிஷினுக்கும் தோல் பெல்ட். வார்ப்பிரும்புத் தூண்களின் தலைப்பக்கம் தட்டையாக, போல்ட் துளைகளோடு ஒரு முகம் தெரிகிறதே, அது ஷாஃப்ட்டைத் தாங்கிய இடம். மிஷினுக்கு ஒரு மோட்டார் என்றானதும் ஷாஃப்ட் போய்விட்டது, துளைகள் மிச்சம். பெயிண்டர் அவற்றை மக்கு வைத்து அடைக்கப் பார்த்தார். விடவில்லை.

அதிகம் செலவு வைத்தது கூரை. ரம்பப் பல் போன்ற கூரை; ஒரு பக்கம் ஓடு, வடக்கே பார்த்த பக்கம் கண்ணாடி. இங்கிலாந்தின் லங்காஷயர் பாணி. வடக்கு வெளிச்சம் நாள் முழுதும் ஒரே சீராக இருக்கும், அறுந்த இழை கண்ணுக்குச் சட்டென்று படும். ஆனால் அங்கே நடுப்பகல் சூரியன் எப்போதும் தெற்கே. நாமோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 டிகிரியில் இருக்கிறோம். சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை உச்சி வெயில் நமக்கு வடக்கே போய்விடும். வெயில் வரக்கூடாது என்று வைத்த கண்ணாடி வழியாகவே வெயில் இறங்கும். பழைய கண்ணாடியைச் சுரண்டியபோது வெள்ளையும் நீலமுமாகப் பூச்சு ஏடு ஏடாக உரிந்து வந்தது. ரிட்டயரான மேஸ்திரி ஒருவர் பார்த்துவிட்டு, "சித்திரை பொறந்தா கண்ணாடிக்குச் சுண்ணாம்பு அடிச்சுப்போடுவோமுங்க. இல்லீன்னா நூக்கற ஃபிரேம் மேல வெயில் உழுந்து, இழை அறுந்துட்டே இருக்கும்" என்றார். பஞ்சு இழை காய்ந்தால் அறும், ஈரப்பதம் இருந்தால் தாங்கும். இப்போது பால் கண்ணாடி போட்டிருக்கிறோம், ஆண்டுதோறும் ஆளேற்ற வேண்டாம்.

இரண்டு பல் சேரும் பள்ளத்தில் மழைத் தண்ணீர் சேரும். அது இறங்கும் வழி தூண்தான்! தூண்கள் உள்ளே குழல். கூரையையும் தாங்கும், தண்ணீரையும் தரைக்கடிச் சாக்கடைக்குக் கொண்டுபோகும். பல ஆண்டுப் பஞ்சுத் தூசியும் புறாக்கூடும் சேர்ந்து அவை அடைத்துக் கிடந்தன. தண்ணீர் போக்கிடமில்லாமல் சுவருக்குள் இறங்கியது. அந்தச் சுவருக்கு முன்பொரு முறை சிமெண்ட் பூசிவிட்டதால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் செங்கல்லே மாவாகிக் கொண்டிருந்தது. "ஏனுங், மறுபடியும் சிமெண்ட்டையே பூசீட்டா ஒரு வாரத்துல முடிஞ்சிரும்ல?" என்று கமிட்டியிலேயே கேட்டார்கள். முடிந்திருக்கும், சுவரும் முடிந்திருக்கும்.

ஆகவே சிமெண்ட்டை முழுதும் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் காரைக்குப் போனோம். சுண்ணாம்பை நீற்றி, சலித்து, ஊறப்போட்டு, ஒரு பங்குக்கு மூன்று பங்கு மணல் சேர்த்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டு அரைத்தது. காற்றை வாங்கித்தான் அது இறுகும். ஒரு பூச்சு இறுகாமல் அடுத்ததைப் பூச முடியாது. தாமதத்துக்குக் காரணம் இதுதான். இந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் கொங்கு நாட்டில் இன்னும் இருக்கிறார்கள், பெரும்பாலும் கோயில் வேலையில். அவர்கள் கை ஒழியும் வரை காத்திருந்தோம்.

விரிசல் கண்ட ஒரு தூணை மாற்றவில்லை. வார்ப்பிரும்பில் சாதாரண வெல்டிங் வைத்தால் விரிசல் இன்னும் ஓடும் என்பதால் இரண்டு பாதி வளையமாக இரும்புப் பட்டை செய்து போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறோம். பட்டை வெளியே தெரிகிறது, அழகாக இல்லை என்றார்கள் சிலர். தெரியட்டும்.

பஞ்சுப் பொதியைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோரூம் தனிக் கட்டிடம். பஞ்சோடு வந்த கல்லோ ஆணியோ பஞ்சை அடித்துப் பிரிக்கும் பீட்டரில் பட்டுப் பொறி பறந்தால் தீ பிடிக்கும் என்றுதான் தடித்த சுவரும் இரும்புத் தகடு அடித்த கதவும் வைத்தார்கள். அங்கே ஓடு மாற்றியதோடு சரி.

புகைபோக்கியில் கை வைக்கவில்லை. அதற்குத் தனி மதிப்பீடு அடுத்த பொதுக்குழுவுக்கு வரும். ஆயுத பூஜையன்று ஷெட் குடும்பங்களுக்குத் திறந்திருக்கும். பந்தல், தோரணம் கட்டுவோர் தூணில் துளை போட வேண்டாம், கயிறு கட்டினால் போதும். பள்ளத்துக் கூரையையும் தூண் வாய்களையும் ஐப்பசி மழைக்கு முன் புரட்டாசியிலேயே தூர்வார வேண்டும். அதற்கு ஆள் கூலி வருடாந்தரச் சந்தாவிலிருந்து எடுக்கக் கமிட்டி அனுமதி கேட்கிறது.

இப்படிக்கு,
திருப்பணிக் கமிட்டி