மூழ்கியது வேறு கப்பல்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழில் வந்த, ரஷ்யாவின் வோல்கா நதிக் கப்பல் பயணக் கட்டுரையை ஆசையாகத்தான் எடுத்தேன், படித்து முடித்ததும் எழுதாமல் இருக்க மனசு கேட்கவில்லை. 2011 ஜூலை 10ஆம் தேதி மூழ்கிய 'பல்கேரியா' என்ற கப்பலின் கதையைச் சொல்லிவிட்டு, பக்கத்திலேயே மூன்று தளக் கப்பல் ஒன்றின் படத்தைப் போட்டு, இந்த வகைக் கிழட்டுக் கப்பல்களில் ஏறாதீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். படத்தில் இருப்பது 'ரோதினா' வகை. கிழக்கு ஜெர்மனியின் விஸ்மார் நகரில் 1954 முதல் 1961 வரை சோவியத் நாட்டுக்காகக் கட்டிக் கொடுத்த 49 கப்பல்களில் ஒன்று. பல்கேரியாவோ செக்கோஸ்லோவாக்கியாவின் கொமார்னோவில் 1955இல் கட்டியது, இரண்டே தளம்.

நான் தொண்ணூறுகளில் வோல்கோகிராடில் மருத்துவம் படித்தவன். ஒரு கோடை விடுமுறையில் ரோதினா வகைக் கப்பலில் ரோஸ்தோவ் வரை போனோம். வோல்கா-தோன் கால்வாயில் 13 லாக், அதாவது கப்பலை உள்ளே விட்டுக் கதவை மூடி, தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ கப்பலை உயர்த்தவும் தாழ்த்தவும் செய்யும் தொட்டிகள். முதல் ஒன்பதும் கப்பலைப் படிப்படியாக 88 மீட்டர் உயரத்துக்குத் தூக்கும், மிச்சம் நாலும் தோன் நதிப் பக்கம் இறக்கிவிடும். கப்பலின் அகலமே 14 மீட்டருக்கு மேல், லாக் 18 மீட்டர்தான். உள்ளே நுழைந்ததும் பாசி பிடித்த ஈரச்சுவர் ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்கும், பட்டப்பகலில் கேபினில் விளக்குப் போடுவோம், அப்புறம் தண்ணீர் ஏற ஏற ஜன்னலின் மேல்விளிம்பில் ஒரு கீற்று வெளிச்சம், பிறகு புல், பிறகு கரையில் நிற்கிறவரின் ஷூ. படிக்கட்டின் பித்தளைக் கைப்பிடியை ஒரு அம்மா தினமும் காலையில் துணியால் துடைத்துக்கொண்டே இறங்கி வருவார். முப்பது வருஷத்துக்கு மேல் ஓடிய கப்பல் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

பல்கேரியா கிளம்பும்போதே வலப்பக்கம் சாய்ந்திருந்தது. இடது எஞ்சின் ஓடவில்லை. பயணிகளை ஏற்ற உரிமம் கிடையாது. ஏசி இல்லாத புழுக்கத்துக்காகக் கீழே இருந்த வட்ட ஜன்னல்களைத் திறந்தே வைத்திருந்தார்கள், புயலில் கப்பல் சாய்ந்தபோது அந்த வழியாகத் தண்ணீர் புகுந்து, சில நிமிடங்களில் எல்லாம் முடிந்தது. இருந்த 201 பேரில் 122 பேர் போய்விட்டார்கள், அதில் எத்தனை குழந்தைகள்! போன மாதம் கட்டிய கப்பலை இப்படி ஓட்டினாலும் இதே கதிதான்.

அடுத்த இதழில் படத்துக்கு ஒரு திருத்தம் போடுங்கள். வோல்காவுக்குக் கிளம்புகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள்: ஏறுவதற்கு முன் கரையில் நின்று கப்பலைப் பாருங்கள், ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் டிக்கெட் காசு போனாலும் ஏறாதீர்கள்.

ஒரு வாசகர்,
திருச்சி