இணையப் பழுதுக்கு லினக்ஸைக் காரணம் காட்டலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோபிசெட்டிபாளையத்தில் வீட்டில் இருந்தபடியே திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் நான், ஆறு ஆண்டுகளாக, விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமாகிய உபுண்டு லினக்ஸ் உள்ள கணினியையே பயன்படுத்தி வருகிறேன். அண்மையில் எங்கள் வீட்டுக் கேபிள் இணையம் இருபது நாள்கள் அடிக்கடி அறுந்துபோனது. வாடிக்கையாளர் சேவையை அழைத்த ஒவ்வொரு முறையும், "லினக்ஸுக்கு நாங்கள் பொறுப்பில்லை, விண்டோஸ் போட்டுவிட்டுக் கூப்பிடுங்கள்" என்று சொல்லி, புகாரைப் பதிவு செய்யாமலேயே தொலைபேசி அழைப்பைத் துண்டித்தார்கள்.

இந்தப் பதிலில் சிறிதும் நியாயம் இல்லை. கேபிள் மோடம் தன்னளவில் இயங்கும் கருவி. கம்பிவழி வரும் சமிக்ஞையை டாக்சிஸ் என்னும் பொதுத் தரத்தின்படி வாங்கி, ஈதர்நெட் என்னும் கணினி வலைக் கம்பி வழியே கணினிக்குத் தருவதுடன் அதன் வேலை முடிந்துவிடுகிறது. கணினி டிஎச்சிபி என்னும் தானியங்கி முறையில் தனக்கென ஓர் இணைய முகவரியைக் கேட்டுப் பெற்றால் போதும். அந்த வசதி லினக்ஸில் நெடுங்காலமாகவே இருக்கிறது. யுஎஸ்பி வழியே இணைத்த பழைய மோடம்களுக்குத் தனி டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்) தேவைப்பட்டதுண்டு, ஆனால் அது கடந்துபோன காலம். இன்று வீடுகளில் இருக்கும் வைஃபை ரூட்டர்களில் பெரும்பாலானவை லினக்ஸிலேயே ஓடுகின்றன.

பல மோடம்களில் 192.168.100.1 என்ற முகவரியை உலாவியில் திறந்தால் சமிக்ஞையின் அளவைப் பார்க்கலாம். பொதுவாக, சமிக்ஞை வலிமையை அளக்கும் டிபிஎம்வி என்ற அலகில் மைனஸ் 7 முதல் பிளஸ் 7 வரை இருந்தால் நல்லது என்பார்கள். எங்கள் வீட்டில் அது மைனஸ் 14 காட்டியது. பக்கத்து வீட்டு விண்டோஸ் மடிக்கணினியைக் கேட்டு வாங்கி இணைத்தபோதும் அதே பழுது தொடர்ந்தது. அதன் பிறகே புகாரை ஏற்றார்கள். வந்த பணியாளர், தொலைக்காட்சிக்காக மாடியில் பொருத்தியிருந்த நான்கு வழி ஸ்பிளிட்டர் (ஒரு கம்பியின் சமிக்ஞையைப் பல கிளைகளாகப் பிரிக்கும் கருவி) மழையில் துருப்பிடித்திருந்ததைக் கண்டு, பத்தே நிமிடத்தில் மாற்றிக் கொடுத்தார். நல்ல நிலையில் இருந்தாலும்கூட, அப்படிப்பட்ட ஸ்பிளிட்டரின் ஒவ்வொரு கிளைக்கும் சமிக்ஞையில் கால் பங்குக்கும் குறைவாகவே வந்து சேரும்.

மாலை நேரத்தில் தெருவே ஒரே கம்பியைப் பகிர்ந்துகொள்வதால் வேகம் குறைவது வேறு. அதற்கு நான் இங்கே குறை சொல்லவில்லை. புகார் சொல்பவரிடம் என்ன இயங்குதளம் என்று கேட்பதற்கு முன், மோடத்தின் சமிக்ஞை அளவைத் தங்கள் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. அந்த வசதி நிறுவனத்தின் கையிலேயே இருக்கிறது. வாங்கிய பழைய மடிக்கணினியை லினக்ஸ் போட்டுப் படிப்புக்கும் பிழைப்புக்கும் பயன்படுத்தும் குடும்பங்களும் மாதந்தோறும் அதே கட்டணத்தைத்தான் செலுத்துகின்றன.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோபிசெட்டிபாளையம்.