நெல்லுக் கணக்கு புரோகிராமும் புதுக் கம்பியூட்டரும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

அம்பாறை மாவட்டத்துத் தம்பிலுவில் பக்கம் ஓர் அரிசி ஆலையில் முப்பது வருசத்துக்கு மேலாகக் கணக்கப்பிள்ளையாக இருக்கிறேன். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்ததிலிருந்து இந்தப் பக்கத்துக் கடை, ஆலை, சங்கம் எல்லாவற்றிலும் ஒரே பேச்சு: கம்பியூட்டரை மாற்று, அதில் கிடக்கும் பழைய புரோகிராமையும் தூக்கி எறி. முதலாவது சரியாக இருக்கலாம். இரண்டாவதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

எங்கள் நெல்லுக் கணக்குப் புரோகிராம் 1994இல் ஊர்ப் பொடியன் ஒருவன் டர்போ பாஸ்கல் என்ற நிரல்மொழியில் எழுதித் தந்தது. நீலத் திரை, மஞ்சள் எழுத்து. வயல் சொந்தக்காரரான போடியார் புசலில் கணக்குச் சொல்வார், தராசு கிலோவில் காட்டும். ஒரு புசல் நெல் 46 இறாத்தல், ஏறத்தாழ 20.9 கிலோ என்று அது மாற்றிக்கொள்ளும். ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேலே போனால் கழிவு போடும், சாக்கு எடையைக் கழிக்கும், பற்றுச்சீட்டுத் துண்டு அடித்துத் தரும். எங்களுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

புது மெஷினில் அது திறக்கவே இல்லை. விற்றவர், "ஐயா, அது செத்துப்போச்சு. மாதக் கட்டணத்துக்குப் புதுசு ஒன்று எடுங்க" என்றார். சாகவில்லை. அது 16 பிட் புரோகிராம். பிட் கணக்கு என்பது மெஷின் ஒரே தடவையில் கையாளும் தரவின் அளவு. 32 பிட் விண்டோஸில், விண்டோஸுக்கு முந்திய டாஸ் காலத்துப் புரோகிராமுக்கென்று ஓர் ஏற்பாடு இருந்தது, 64 பிட்டில் அதை வைக்கவில்லை. விண்டோஸ் 11க்கோ 32 பிட் பதிப்பே கிடையாது. வீடு மாறியபோது பழைய கதவின் திறப்பு பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

இப்படி அது மக்கர் பண்ணுவது முதல் தடவையும் இல்லை. 1999இல் 'பென்டியம் 2' மெஷின் ஒன்று வாங்கிய அன்று, தொடங்கிய உடனேயே 'ரன்டைம் எரர் 200' என்று நின்றுவிட்டது. பூச்சியத்தால் வகுத்த பிழையாம். எங்கள் கணக்கில் பூச்சியத்தால் வகுக்கும் இடமே இல்லையே! தலையைப் பிய்த்துக்கொண்டோம். பிறகுதான் விளங்கியது. டர்போ பாஸ்கலில் திரையைக் கவனிக்கும் சி.ஆர்.டி. என்ற பகுதி எழும்பும்போதே மெஷினின் வேகத்தை அளக்கிறது. கடிகாரத்தின் ஒரு துடிப்பு 55 மில்லிசெக்கன். அதற்குள் எத்தனை சுற்று ஓடலாம் என்று எண்ணி, அதை 55ஆல் வகுக்கும். மெஷின் வேகமாகிவிட்டதால் விடை 16 பிட்டுக்குள் அடங்கவில்லை. அடங்காவிட்டாலும் மெஷினின் புரொசெசர் அதே பிழையைத்தான் காட்டும். வேகம் கூடியதால் விழுந்த புரோகிராமை நான் அன்றுதான் கண்டேன். கொழும்பிலிருந்து தெரிந்தவர் ஒருவர் பிளொப்பியில் அனுப்பிய சின்னத் திருத்தக் கருவி, கோப்பில் சில பைட்டுகளை (ஓர் எழுத்தளவுத் தரவுகளை) மாற்றிச் சரிசெய்தது. அதற்குப் பிறகு விண்டோஸ் எக்ஸ்பி, 32 பிட் விண்டோஸ் 10 எல்லாவற்றிலும் ஓடியது.

இந்த முறை மருமகன் 'டாஸ்பாக்ஸ்-எக்ஸ்' என்ற இலவச மென்பொருளைப் போட்டான். புது மெஷினுக்குள்ளே ஒரு பழைய மெஷினைப் பாவனை செய்து காட்டும் வேலை அது. அரை மணித்தியாலத்தில் நீலத் திரை வந்துவிட்டது. வேகத்தையும் மாட்டுவண்டி அளவுக்குக் குறைத்து வைக்கலாம்.

துண்டு அடிப்பதற்குத்தான் மூன்று நாள் போனது. எங்களுக்கு வெள்ளை, றோஸ், மஞ்சள் என்று மூன்று பிரதி வேண்டும். றோஸ் விவசாயிக்கு. குத்தி அடிக்கிற டொட் மெட்ரிக்ஸ் பிரிண்டர் இல்லாமல் அது நடக்காது. பழைய புரோகிராம் 'எல்.பி.டி. 1' என்ற துளைக்குத்தான் அனுப்பும், புது மெஷினில் அந்தத் துளையே இல்லை. யு.எஸ்.பி. வயர் போட்டால் அதற்கு வேறு பெயர். விண்டோஸ் வழியாக அடித்தாலோ ஐந்தரை அங்குலத் துண்டுக்கு முழுத்தாளைத் தள்ளிவிடுகிறது. அந்தப் புரோகிராம் ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் 'பக்கத்துக்கு 33 வரி' என்று பிரிண்டருக்கு ஒரு கட்டளை அனுப்பும். இடையில் யாரும் கைவைக்காமல் அது பிரிண்டருக்குப் போய்ச் சேர வேண்டும். கடைசியில், அச்சுக்குப் போவதை ஒரு கோப்பில் எழுத வைத்து, நகலெடுக்கும் 'கொப்பி' (copy) கட்டளையோடு, எதையும் மாற்றாதே என்று சொல்லும் '/பி' (/b) சேர்த்து அதை அப்படியே பிரிண்டருக்குத் தள்ளினோம். 33ஆவது வரியோடு தாள் நின்றதும் மருமகன் கைதட்டினான்.

சரி, எவ்வளவு காலத்துக்கு இப்படி? நானும் புதியதுக்கு மாறத்தான் சொல்கிறேன், ஆனால் முப்பது வருசக் கணக்கையும் கையோடு கொண்டுபோக வேண்டும். அந்தக் கோப்பை எக்செலில் திறந்தால் குப்பைதான் வருகிறது. பெயருக்கு முன்னால் ஒரு பைட் அதன் நீளத்தைச் சொல்கிறது. டர்போ பாஸ்கலின் 'ரியல்' எண் ஒவ்வொன்றும் 6 பைட். இன்றைய மென்பொருள்கள் எதிர்பார்ப்பது 4 அல்லது 8. இதைத் தெரியாதவனுக்கு அந்த நெல்லெல்லாம் பதர்.

எங்களுக்கு அது தெரிந்தது பள்ளிக்கூடக் கொப்பியில் கிழித்த ஒரு தாளால். கனடாவுக்குப் போகுமுன் அந்தப் பொடியன் எந்தத் தகவல் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்று பேனையால் எழுதித் தந்துவிட்டுப் போனான். அதை வைத்து மருமகன் ஒரே இரவில் எல்லாவற்றையும் சாதாரண எழுத்துக் கோப்பாக மாற்றிவிட்டான். பக்கத்து ஆலைக்காரருக்கு அப்படியொரு தாள் இல்லை. அவர் இப்போது பழைய துண்டுகளைப் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்கிறார், சிறுபோகம் முடியுமுன் முடியாது என்கிறார்.

ஆகவே எங்கள் ஆலைகளுக்கும், கூட்டுறவுச் சங்கங்களுக்கும், அடகுக் கடைகளுக்கும் ஒரு வேண்டுகோள். இனி யாரிடமாவது மென்பொருள் செய்விக்கும்போது, கடைசித் தவணைக் காசைக் கொடுக்குமுன் மூல நிரலையும் (புரோகிராமை எழுதிய வரிகளையும்) கோப்பு அமைப்பு எழுதிய தாளையும் கையில் வாங்குங்கள். தரமாட்டேன் என்பவரிடம் செய்விக்காதீர்கள். எங்கள் கொப்பித் தாளை நான் லேமினேட் பண்ணி, ஆலை உறுதிப் பத்திரத்தோடு சேர்த்து இரும்புப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் அரிசி ஆலைக் கணக்கப்பிள்ளை,
தம்பிலுவில்.