வசனத்தின் பாதியை மட்டும் அச்சிட்டது ஏன்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொருளாதாரத்தையும் கிறிஸ்தவ விசுவாசத்தையும் பற்றித் தங்கள் சென்ற இதழில் வந்த கட்டுரையில், தரித்திரர் எப்போதும் நம்மிடத்தில் இருப்பார்கள் என்று இயேசுவே சொல்லிவிட்ட பிறகு வறுமை ஒழிப்பை விசுவாசத்தின் தலையில் சுமத்துவது வீண் என்றொரு வாக்கியம் இருந்தது. அதோடு நிற்காமல், பொருளாதாரம் அறிவுக்கு உரியது, விசுவாசம் ஆறுதலுக்கு உரியது என்று கட்டுரையாளர் பாகப்பிரிவினையும் செய்துவிட்டார். இரு தரப்பையும் கேளாமலே பத்திரம் எழுதி முடித்த அந்தத் துணிவைப் பாராட்டத்தான் வேண்டும்.

இயேசுவின் அந்தச் சொற்கள் பழைய ஏற்பாட்டு நூலாகிய உபாகமம் 15:11இன் எதிரொலி என்பது தாங்கள் அறியாததல்ல. தேசத்தில் எளியவர்கள் இல்லாமல் போவதில்லை என்று தொடங்கும் அவ்வசனம், ஆகையால் உன் கையைத் தாராளமாய்த் திறக்கவேண்டும் என்ற கட்டளைக்குப் போகிறது. பின்பாதியை விட்டுவிட்டால் கையைத் திறக்கச் சொன்ன வசனமே கையை விரிக்கும் வசனமாகிவிடும். அதே அதிகாரம் ஏழாம் வருஷத்தில் கடன்களை விட்டுவிடச் சொல்கிறது. அந்த வருஷம் நெருங்க நெருங்கக் கொடுத்தது திரும்பாதென்று அஞ்சிக் கடன் கொடுப்பவர்கள் பின்வாங்குவார்கள் என்பதையும் முன்னுணர்ந்து, அப்படி மறுப்பது பாவம் என்று 9ஆம் வசனத்தில் எச்சரிக்கிறது. தள்ளுபடியை அறிவித்தால் புதிய கடன் வறண்டுபோகும் என்று இன்றைய வல்லுநர்கள் சொல்வது இந்தச் சிக்கலைத்தானே? லேவியராகமம் 25ஆம் அதிகாரமோ, ஐம்பதாம் வருஷமாகிய யூபிலியில் நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்பிவிடும் என்பதால், அதுவரை எத்தனை வருஷ விளைச்சல் மீதமிருக்கிறதோ அதற்குத் தக்கபடி விலையைக் கூட்டவும் குறைக்கவும் விதிக்கிறது. யூபிலி எந்த அளவுக்கு நடைமுறையில் இருந்தது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அதை எழுதியவர்களுக்கு ஆறுதல் மட்டுமே தெரியும், கணக்கு தெரியாது என்று சொன்னால் நம்பக் கடினமாக இருக்கிறது.

பிற்காலத்திலும் அந்தப் பாகப்பிரிவினை நடந்ததாகத் தெரியவில்லை. வட்டி வாங்கும் குருமாரை 325இல் ஆயர்கள் கூடிய நைசியா சங்கம் தடுத்தது; வெளிப்படையாக வட்டித்தொழில் செய்தவர்களுக்கு நற்கருணையும் கிறிஸ்தவ அடக்கமும் இல்லை என்று 1179இல் மூன்றாம் லாத்தரன் சங்கம் விதித்தது. தொழிலாளி ஒப்புக்கொண்ட கூலி என்பதாலேயே அது நியாயமான கூலி ஆகிவிடாது என்று 1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ எழுதினார். கட்டுரையாளர் தமக்குத் துணையாக அழைத்துவந்த, மக்கள்தொகைப் பெருக்கத்தைப் பற்றி எழுதிய பொருளாதார அறிஞர் மால்தஸ்கூட இங்கிலாந்துத் திருச்சபையின் குருவானவர்தான். ஏழைகளுக்கு அரசு செய்யும் உதவியை அவர் எதிர்த்தார் என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு அவர் எழுதினார் என்று காட்டுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

இந்தப் பாதி வசனம் என்னை இவ்வளவு உறுத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. நான் நீண்டகாலம் ஒரு சபையின் பொருளாளராக இருந்தவன். ஆலயத்தைக் கூட்டித் துடைத்து மணியடித்துவந்த முதியவருக்குக் கூலியை உயர்த்தவேண்டும் என்று குழுவில் கேட்டபோது, அது ஆண்டவருக்குச் செய்யும் ஊழியம், அதற்கு விலை பேசலாமா என்று கண்டித்தார்கள். புதிய ஒலிபெருக்கிகள் வாங்குவது மட்டும் அதே கூட்டத்தில் ஒரு கேள்வியும் இல்லாமல் நிறைவேறியது. பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடும் என்ற யாக்கோபு 5:4ஐ நான் வாசித்துக் காட்டினேன். அதற்குப் பதிலாக, தரித்திரர் எப்போதும் இருக்கத்தானே செய்வார்கள் என்று ஒருவர் சொன்னார். சிலர் ஆமென் என்றார்கள். ஆகவே, தங்கள் கட்டுரையாளர் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை.

தங்கள் இதழைப் பற்றியும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. கிறிஸ்துமஸ் மலர்தோறும் துணி வழங்கும் கைகளின் படம் தவறாமல் வருகிறது. வாங்குகிறவர் வருஷம் முழுவதும் உழைத்தும் ஏன் வாங்கவேண்டிய நிலையில் இருக்கிறார் என்று ஒருவரும் எழுதுவதில்லை. காணிக்கை கொடுத்தால் நூறு மடங்காகத் திரும்பும் என்று வாக்களிக்கும் கூட்டங்களின் விளம்பரங்களுக்கோ பக்கம் பஞ்சமே இல்லை. விசுவாசத்தையும் பொருளாதாரத்தையும் கலக்கக்கூடாது என்ற விதி விளம்பரப் பிரிவுக்குப் பொருந்தாது போலும். இதைப் பற்றி முன்பு நான் எழுதிய கடிதத்தில், இதழின் அச்சு அமைப்பைப் பாராட்டிய முதல் வரி மட்டுமே வெளிவந்தது. அதற்கும் நன்றி.

கட்டுரைக்கு மறுப்புக் கட்டுரை வெளியிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அடுத்த இதழின் திருத்தப் பகுதியில் உபாகமம் 15:11ஐ முழுமையாக, அதிகார எண்ணோடு அச்சிட்டால் போதும். இடம் போதாதென்றால், இக்கடிதத்தில் நான் சொல்லியிருக்கும் வணக்கத்தையும் நன்றியையும் தாராளமாக வெட்டிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் பழைய சந்தாதாரர்