சபையில் புது ஊழியம் தொடங்குமுன் ஒரு நோட்டு வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தென்மாவட்ட சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் இப்போது புதிது புதிதாகத் தன்னார்வ ஊழியங்கள் முளைக்கின்றன. முதியோர் சந்திப்பு, ஆஸ்பத்திரிச் சாப்பாடு, மாலை டியூஷன், காது கேளாதோருக்குச் சைகை மொழி என்று பட்டியல் நீள்கிறது. நல்லதுதான். ஆனால் புத்தாண்டு ஆராதனையில் அறிவித்த ஊழியம் சபை விருந்தான அசனம் வருமுன் ஓய்ந்துபோவதையும் சேர்த்தே பார்க்கிறோம். சபையாருக்கு ஆர்வமில்லை என்று குறை சொல்பவர்கள், யாருக்கு எந்த வேலை, எத்தனை மாதத்துக்கு என்று அளந்து கொடுத்தார்களா என்பதை யோசிப்பதில்லை.

பிடியரிசிக் காணிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். சமைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குக் கூட்டம் வேண்டாம், மைக் வேண்டாம், தலைவர் வேண்டாம். தலைமுறைகள் தாண்டியும் அந்த வழக்கம் நின்றதற்கு வேலை அத்தனை சிறியதாக இருந்ததே காரணம். புதிய ஊழியத்தையும் அந்த அளவுக்கு நறுக்கிக் கொடுக்கலாம். மாதம் இரண்டு சனிக்கிழமை, தலைக்கு இரண்டு வீடு, ஆறு மாதம். ஆறு மாதம் முடிந்ததும் விலக உரிமை உண்டு என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பெயர் கொடுக்கத் தயங்குபவர்களும் வருவார்கள். ‘முடிந்தவரை செய்யுங்கள்’ என்று விட்டால் பாடகர் குழு, ஓய்வுநாள் பள்ளி, கமிட்டி என்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் அதே நாலு பேர் தலையில்தான் இதுவும் விழும்.

முதியோர் சந்திப்புக்கு யார் வீட்டுக்குப் போவது? சபையார் தவறாமல் கட்டும் சங்கக் காணிக்கையின் பதிவேட்டைப் புரட்டினாலே பாதி தெரிந்துவிடும். ஒழுங்காகக் கட்டியவர் பெயருக்கு நேரே திடீரென்று கட்டங்கள் காலியாகக் கிடந்தால் அந்த வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது. மீதியைச் சபையைக் கவனிக்கும் உபதேசியாரிடம் கேளுங்கள். பட்டியலை ஒரு நோட்டில் எழுதியபின் தெருவாரியாகப் பிரியுங்கள். இல்லாவிட்டால் அவரவர் சொந்தக்காரர் வீட்டுக்கே போய்வருவார்கள். சபையில் இது எல்லாருக்கும் தெரிந்த, யாரும் பேசாத விஷயம்.

இருவராகப் போக வேண்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். காலை பத்தரை மணி நல்ல நேரம். அரை மணிக்கு மேல் உட்காராதீர்கள், ஜெபம் ஐந்து நிமிடம் போதும். படுக்கையில் கிடப்பவருக்கு நீங்களாக எதையும் ஊட்டாதீர்கள். விழுங்கச் சிரமப்படுபவருக்குப் புரையேறினால் உணவு நுரையீரலுக்குள் போய்விடும்.

கவனிக்க வேண்டியது படுக்கைப்புண். குதிகால், இடுப்பு, பிட்டத்து எலும்பு, முழங்கை ஆகிய இடங்களை வீட்டாரையே பார்க்கச் சொல்லுங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்ததும் தோல் வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. அந்த இடம் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டும். அங்கே எண்ணெய் போட்டுத் தேய்க்கக் கூடாது. காற்றடித்த ரப்பர் வளையத்தில் உட்காரவைப்பதும் தவறு. வளையத்தின் விளிம்பு சுற்றிலும் அழுத்தி ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். படுத்தவரை இரண்டு மணிக்கொரு முறை புரட்ட வேண்டும். காற்று மெத்தை போட்டிருந்தாலும் புரட்டத்தான் வேண்டும். இடுப்புக்கு நேரே மெத்தைக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். ஓர் அங்குலக் காற்றாவது தட்டுப்பட வேண்டும். எலும்பு நேராகக் கையில் இடித்தால் அந்த மெத்தை இருந்தும் பயனில்லை. அதன் மோட்டார் இரவும் பகலும் ஓட வேண்டும். கரண்ட் பில்லுக்குப் பயந்து இரவில் நிறுத்திவிடும் வீடுகள் உண்டு.

மருந்து, கட்டுப் போடுவதெல்லாம் தொண்டர் வேலை இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கு வரும். இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்பு சிகிச்சையும் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து கொடுப்பதுதான் சபை செய்யக்கூடிய பெரிய உதவி.

சக்கர நாற்காலி, வாக்கர் இரவல் கொடுத்தால் நோட்டில் தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். திரும்பி வந்ததைச் சோப்பு நீரில் கழுவிக் காயவைத்து, ஐந்து சதவீத பிளீச்சிங் திரவம் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, கையுறையோடு துடைத்த பிறகே அடுத்த வீட்டுக்கு அனுப்ப வேண்டும். உலோகப் பாகங்களைப் பத்து நிமிடம் கழித்து நல்ல தண்ணீரில் துடைத்துவிடுங்கள், விட்டால் துருப்பிடிக்கும்.

சைகை மொழி ஆராதனைக்கு ஒரே மொழிபெயர்ப்பாளர் போதாது, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாற ஆள் வேண்டும். அவர் ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் இருட்டடித்துவிடும். 1897-லேயே காது கேளாதோர் பள்ளி கண்ட பாளையங்கோட்டையின் பக்கத்துச் சபைகளே இதைக் கவனிக்காமல் விடுவது வருத்தம்தான்.

டியூஷனில் எப்போதும் பெரியவர்கள் இருவர் இருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும். பிள்ளைக்குத் தீங்கு நடந்ததாகத் தெரிந்தால் ‘சபைக்குள் பேசி முடிப்போம்’ என்ற பேச்சுக்கே இடமில்லை. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும், மறைப்பது குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098.

கடைசியாக, சில சபைகள் சேர்ந்த சேகரத்தை நடத்தும் சேகரகுருமாருக்கும் கமிட்டியாருக்கும் ஒரு வார்த்தை. சேகரத் தேர்தல் நெருங்கும்போது ஊழியக் குழு ஓட்டுக் குழுவாக மாறிவிடுகிறது. குழுவை நடத்துபவர் அந்த ஆண்டு தேர்தலில் நிற்கக் கூடாது என்று தீர்மானம் போடுங்கள். படுத்திருப்பவரோடு எடுத்த படம் வாட்ஸ்அப்பில் வரக் கூடாது என்பதையும் அதே தீர்மானத்தில் சேர்க்கலாம்.

இப்படிக்கு,
சேகரத் தொண்டர்கள் சிலர்,
திருநெல்வேலி மாவட்டம்.