தொடை மடிப்பைக் காட்டியும் கவனிக்கவில்லை

ஐயா,

ஒன்றேகால் வயதில் பேத்தி விந்தி நடந்தபோதுதான் இடுப்பு மூட்டு குழியில் சரியாகப் பொருந்தவில்லை என்று தெரிந்தது. அதற்கு அறிகுறியாக இடது தொடையில் ஒரு மடிப்பு கூடுதலாக இருந்ததைத் தடுப்பூசிக்குப் போனபோதெல்லாம் காட்டினேன். "கொழுகொழு குழந்தை, அப்படித்தாம்மா" என்றார்கள். பிட்டம் முதலில் வந்த பிறப்பு அது. அப்படிப் பிறந்தால் இந்தக் குறை வர வாய்ப்பு அதிகம் என்பதால் 6 வாரத்தில் இடுப்பை ஸ்கேன் எடுத்திருக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் கண்டால் பெரும்பாலும் பட்டை மாட்டியே சரிசெய்யலாமாம். இப்போது அறுவை சிகிச்சை, இடுப்பு முதல் கால்வரை மாவுக்கட்டு.

கட்டணம் வாங்கும் மருத்துவமனை மீது நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. கெடு 2 ஆண்டு. மருத்துவக் குறிப்புகளைக் கேட்ட 72 மணி நேரத்தில் தர வேண்டும். எங்களை ஐந்து வாரம் அலைக்கழித்தார்கள்.

- ஒரு பாட்டி, ஈரோடு